எது முந்துகிறதோ அது: வவுனியா லொறி எஞ்சின்களின் ஆயுளும் அவற்றின் உத்தரவாதமும் பற்றிய ஓர் ஆராய்ச்சி

வவுனியா மாவட்டத்தில் லொறி எனப்படுவது, நான்கு சில்லோ அதற்கு மேலோ உடையதாய், நெல், மணல், செங்கல், மரக்கறி ஆகியவற்றுள் அன்றைக்குக் கிடைத்ததைச் சுமப்பதாய், பதிவுப் புத்தகம் லீசிங் நிறுவனத்தின் அலுமாரியிலும் எஞ்சின் கராஜிலும் கவலை உரிமையாளரிடமுமாகப் பிரிந்து கிடப்பதாய் உள்ள ஒரு வாகனமாகும். இவ்வினத்துள் மிகச் சிறியது பட்டா. இந்தியாவில் டாட்டா ஏஸ் என விற்கப்படும் வண்டி, இலங்கையில் டிமோ பட்டா என்ற பெயரோடு வந்து, பின்னர் முதற் சொல்லை உதிர்த்துவிட்டு வெறும் பட்டாவாக நிலைபெற்றது. தமிழ்நாட்டு வாசகர் இதனை நில உரிமைப் பத்திரமெனக் கொள்ளக்கூடுமாதலால் ஒரு விளக்கம் வேண்டியிருக்கிறது: அப்பத்திரத்துக்கு வன்னியில் உறுதி என்று பெயர். ஆகவே பட்டா இருந்தும் உறுதி இல்லாதவர், உறுதி இருந்தும் பட்டா இல்லாதவர் என இருவகையினர் இங்கு உளர். இரண்டும் இல்லாதவரும் குறைவல்லர் எனினும், அவர்கள் இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள்.

எஞ்சின் பழுதானால் தன் செலவில் திருத்தித் தருவதாக விற்பவன் எழுதிக் கொடுக்கும் வாக்கு உத்தரவாதம் எனப்படும். ஊர் வழக்கில் அது வாரண்டி என்றும் கரண்டி என்றும் இருவிதமாக ஒலிக்க, இரண்டும் வேறு வேறு என்று வாதிடுவோர் தேநீர்க் கடைதோறும் காணப்படுகின்றனர். உண்மையில் இரு சொல்லும் ஒரே ஜெர்மானிய வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. நோர்மன்காரர் வகரமாக ஒலித்ததை ஏனைய பிரெஞ்சுக்காரர் ககரமாக ஒலித்தமையால் ஒரு சொல் இரண்டாயிற்று. நீதிமன்றம் பிறப்பிக்கும் பிடியாணையாகிய வாரண்டும், அரசாங்க உத்தியோகத்தர் புகையிரதத்தில் செல்லக் காட்டும் வாரண்டும் இக்குடும்பத்தவையே. இம்மூன்றனுள் பிடியாணை ஒன்றே தேடி வந்து கதவைத் தட்டும் இயல்புடையது. ஏனைய இரண்டையும் உரியவரே தேடிச் செல்லவேண்டும்.

உத்தரவாதப் பத்திரத்தின் உயிர்நிலை, இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீற்றர், எது முந்துகிறதோ அது என்ற வாசகத்தில் தங்கியிருக்கிறது. இதன்படி ஒவ்வொரு லொறிக்குள்ளும் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன: ஒன்று நாட்காட்டி, மற்றையது மீற்றர். உலகின் பிற பகுதிகளில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒத்து ஓடக்கூடும். வன்னியில் அவை ஒத்து ஓடிய காலம் அரிது. போரால் மூடப்பட்டிருந்த ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது, அதுவரை அரைத் தூக்கத்திலிருந்த லொறிகள் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்குமாக ஓடத் தொடங்கின, மீற்றர் முந்தியது. அக்காலத்திலும் ஓமந்தைச் சோதனைச் சாவடியின் வரிசையில் மணிக்கணக்காக நின்ற நேரமெல்லாம் நாட்காட்டியின் கணக்கிலேயே சேர்ந்தது. 2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட, யாழ்ப்பாணம் போக வழியின்றி நின்ற லொறிகளில் நாட்காட்டி மட்டும் ஓடியது. 2022இல் டீசலுக்காக எரிபொருள் நிலையங்களின் வாசலில் இரவு பகலாக நின்று, பின்னர் கியூஆர் அட்டைக்கு அளந்து ஊற்றப்பட்டதைக் கொண்டு ஓடிய காலமும் நாட்காட்டியின் வெற்றியே. உத்தரவாதத்தை வரைந்தவர் எவராயினும், வாகனம் ஓடாமல் நிற்பதற்கும் ஒரு வரலாறு இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தவராகத் தெரியவில்லை.

அமைதிக் காலத்துக் கணக்கும் உரிமையாளருக்குச் சாதகமானதன்று. வவுனியாவிலிருந்து தம்புள்ளை மொத்த விற்பனை நிலையத்துக்கு 100 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். போய்த் திரும்ப 200 எனவும், மாதத்தில் 25 நாள் ஹயர் கிடைக்கிறது எனவும் கொண்டால், மாதம் 5,000 கிலோமீற்றர். 3 ஆண்டு அல்லது 1 இலட்சம் கிலோமீற்றர் என்று எழுதப்பட்ட ஓர் உத்தரவாதம் 20 மாதத்தில் தீர்ந்துபோக, 5 ஆண்டு லீசிங் தவணையில் இன்னும் 40 மாதம் மிஞ்சியிருக்கும். அந்த 40 மாதமும் எஞ்சின் கடவுளின் பொறுப்பிலும் தவணை உரிமையாளரின் பொறுப்பிலும் இருக்கும். நீட்டித்த உத்தரவாதம், அதாவது மேலதிகப் பணம் கட்டி இரண்டு கடிகாரங்களையும் சற்றுப் பின்னுக்குத் தள்ளிவைக்கும் ஏற்பாடு, இவ்விடைவெளியில்தான் வந்து நுழைகிறது.

உத்தரவாதமே வேண்டாம் என்னும் மாற்றுக் கட்சியினர் காட்டும் சான்றுகள் வலியவை. யப்பானில் ஒரு பிறவி முடித்து, அங்கேயே தன் உத்தரவாதத்தையும் துறந்துவிட்டு வந்திறங்கிய எல்ஃப், கன்ரர் வகை ரீகண்டிசன் லொறிகள் இந்நகரில் இன்னமும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை படிப்படியாகவே தளர்த்தப்பட்டமையால், இடைப்பட்ட காலத்தில் பழைய லொறியின் விலை வயதேற ஏறியது. வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் போகும் ஒரு பழம் பொருளுக்கு உத்தரவாதம் கேட்பது, பாட்டனாருக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது போன்றதாகும். இன்னும் பின்னோக்கினால், 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது, வடக்கின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளிப் பெற்றோலில் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றைச் செய்த கம்பனிகளின் கைநூல் எதிலும் அந்த முறை இல்லை. எஞ்சின் என்பது செய்தவனின் வாக்கால் ஓடுவதன்று, ஓட்டுபவனின் தேவையால் ஓடுவது என்ற கொள்கை அக்காலத்தில் பிறந்ததாகும்.

இக்கொள்கை பழைய எஞ்சினுக்குப் பொருந்தும், புதியதற்குப் பொருந்தாது. இவ்வேறுபாட்டைக் கவனியாமையே இத்துறையில் நிகழும் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். பழைய டீசல் எஞ்சினில் ஒரு பம்ப் தன் இயந்திர அசைவாலேயே ஒவ்வொரு சிலிண்டருக்கும் எரிபொருளை அளந்து அனுப்பும். புதியதில் டீசல் ஒரு பொதுக் குழாய்க்குள் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் தேக்கப்பட்டு, கணினியின் கட்டளைப்படி மயிரிழைத் துவாரங்களால் பீச்சப்படுகிறது. பொதுக் குழாய் முறை, அல்லது கராஜ் மொழியில் கொமன் ரெயில், என்பது இதுவே. இரண்டிலும் டீசல்தான் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு மசகும் ஆகிறது. மண்ணெண்ணெயில் அம்மசகுத் தன்மை குறைவு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்த்தப்படும்வரை, டீசலோடு அதைக் கலக்கும் ஆசை பலருக்கு இருந்தது. பழைய எஞ்சின் அக்கலவையை முணுமுணுத்துக்கொண்டே குடித்தது. புதியது குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அவ்வாறு படுத்ததற்கு எந்த உத்தரவாதமும் பொறுப்பேற்பதில்லை.

அடுத்து நோயறிதல். வவுனியாவில் எஞ்சின் திருத்துபவர் பாஸ் என விளிக்கப்படுவார். தலைவன் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் இதுவும் ஒல்லாந்தரின் பாஸ் என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவையாதலின், கராஜில் தலைவர் யார் என்ற ஐயத்துக்கு மொழிநூல் இடம் வைக்கவில்லை. பாஸ் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். தொல்காப்பியத்தின் பிறப்பியல், மனித ஒலி ஒவ்வொன்றும் உடலின் எவ்விடத்தில் பிறக்கிறது என்று விளக்குவது. பாஸின் கலை அதன் இயந்திரப் பகுதி எனலாம். மேலே டிக்டிக் என்றால் வால்வு இடைவெளி, அடியில் கடகட என்றால் பேரிங். புகையும் ஒரு மொழியே. நீலம் வந்தால் ரிங் தேய்ந்து ஒயில் எரிகிறது, கறுப்பென்றால் டீசல் மிகுதி அல்லது காற்று வடிகட்டி அடைப்பு, வெள்ளை விடாது வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது.

பாஸ் அளிக்கும் உத்தரவாதம் ஒரு சொல்லால் ஆனது. "பாஸ், இது இன்னும் எவ்வளவு காலம் ஓடும்?" என்ற வினாவுக்கு, "பிரச்சினை இல்லை அண்ணை, ஓடும்" என்பது விடை. ஓடும் என்ற வினைமுற்று எதிர்காலத்தையும் குறிக்கும், என்றும் உள்ள இயல்பையும் குறிக்கும். ஞாயிறு கிழக்கே உதிக்கும் என்பதில் உள்ள அதே உம் இது. ஆண்டும் இல்லை, கிலோமீற்றரும் இல்லை, எனவே எது முந்துகிறது என்ற கேள்வியும் இல்லை. ஆனால் தேர்ந்த உரிமையாளர் இதன் தரவேறுபாடுகளை அறிவார். "ஓடும்" என்றால் ஓடும். "ஓடும்தானே" என்றால் தம்புள்ளைக்குப் போகலாம், திரும்புவதைப் பற்றிப் பேச்சில்லை. "ஓடிப் பாருங்கோ" என்றால் கயிறும் கொண்டுபோகவேண்டும்.

பாஸின் முறையை நாட்டுவழக்கென்று தள்ளிவிட எண்ணுவோர் அண்மைய உலகச் செய்திகளை நோக்குக. 2024இல் டொயோட்டா, டண்ட்ரா பிக்கப் உட்பட ஏறத்தாழ 1 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. தொழிற்சாலையில் உலோகத்தைக் கடைந்த துகள்கள் எஞ்சினுக்குள்ளேயே தங்கிப் பேரிங்கைக் கெடுக்கக்கூடும் என்பது காரணம். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டர்ஸ், 6.2 லீற்றர் எஞ்சின் பூட்டிய பெரிய வாகனங்களை அமெரிக்காவில் மட்டும் 6 இலட்சம் அளவில் திருப்பி அழைத்தது; கிராங்கிலும் கொனெக்டிங் றொட்டிலும் பழுது. சோதனையில் தேறிய எஞ்சின்களுக்கு அந்நிறுவனம் விதித்த வைத்தியம், முன்னையதைவிடத் தடிப்பான ஒயில் ஊற்றுவது. சத்தம் போடும் எஞ்சினுக்குத் தடித்த ஒயில் ஊற்று என்பது மன்னார் வீதிக் கராஜ்களில் சாவி எடுத்துக் கொடுக்கும் பையனும் அறிந்த விதி. டெட்ரோயிட் அதனைச் சற்றுப் பிந்தி அடைந்தது. அதனோடு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் என்ற சிறப்பு உத்தரவாதத்தையும் சேர்த்துக் கொடுத்தது என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும். மன்னார் வீதியில் அது கிடைக்காது.

இப்பகுதியின் மிகப் பழைய நீட்டித்த உத்தரவாதம் ஏ9 வீதியோரத்தில், மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, முறிகண்டிப் பிள்ளையாரிடம் கிடைக்கிறது. கட்டணம் ஒரு தேங்காயும் கற்பூரமும். உள்ளூர் ஒயில் ஊற்றியதற்காகவோ உதிரிப்பாகம் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாங்கியதற்காகவோ அது இரத்தாவதில்லை. ஒவ்வொரு பயணமும் புதுப்பித்தலாகும், கச்சான் வாங்குவது விருப்பத்துக்குரியது. இதன் குறை ஆளுகை எல்லை பற்றியது: தெற்கே தம்புள்ளைக்கு ஓடும் லொறி இச்சந்நிதியைக் கடப்பதே இல்லை. அதனாற்றான் சாரதிக்கு முன்னே கண்ணாடியோரத்தில் ஒரு சிறு பிள்ளையார், கிளை அலுவலகம் போல, ஒட்டப்பட்டிருக்கிறார்.

அச்சிட்ட உத்தரவாதங்களும் காப்புறுதிகளும் எவற்றுக்குப் பொறுப்பில்லை என்று கூறும் பகுதி விலக்குகள் எனப்படும். அதிசுமை, வெள்ளம், கலப்பட எரிபொருள், முகவரின் பணிமனைக்கு வெளியே செய்த திருத்தம் ஆகியவற்றோடு, காப்புறுதிப் பத்திரங்களில் போரும் உள்நாட்டுக் கலகமும் வழக்கமாக இடம்பெறும். 2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்ட லொறிகளும் உழவு இயந்திரங்களும் பஸ்களும் துருவேறி அதன் பின்னரும் நெடுங்காலம் அங்கே கிடந்தன. அவற்றுள் பல, ஓட்டி வந்தவர் இறங்கும்வரை ஓடிக்கொண்டிருந்தவை. எஞ்சினில் குறை இருக்கவில்லை.

இவ்வளவையும் தொகுத்து நோக்கும்போது, ரீகண்டிசன் லொறிக்கு மேலதிகப் பணம் கட்டுவது வீண், அதே பணத்தில் ஒரு நல்ல பாஸை நட்பாக வைத்துக்கொள்ளலாம் என்பதும், பொதுக் குழாய் எஞ்சின் பூட்டிய புது லொறிக்கு நீட்டித்த உத்தரவாதம் தகும் என்பதும் புலனாகின்றன. ஏனெனில் அதன் நோய் சத்தமாக வெளிவராமல் முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்காக மட்டும் எரிகிறது, விளக்கை ஸ்குரூ டிரைவரால் கேட்க முடியாது. ஆயினும் ஒவ்வொரு சேர்விஸையும் முகவரிடமே செய்து, பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் பேணி, நெல்லறுப்புக் காலத்தில் விதித்த நிறைக்கு மேல் ஒரு மூடையும் ஏற்றாமலிருக்கும் உரிமையாளருக்கே அது பயன்படும். அத்தகையவரின் எஞ்சின் பெரும்பாலும் பழுதாவதில்லை.

இதனை வாசிக்கும் லொறி உரிமையாளர்கள், எத்தரப்பைச் சேர்ந்தவராயினும், இன்று மாலை லொறியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்து, கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் இடையில் ஒயில் நிற்கிறதா என்று பார்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.