சுரங்கக் கரையை எதையும் பார்க்காமல் சுற்றிவருவது எப்படி?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலின் செயின்ட் ஜஸ்ட் ஊரை ஒட்டிய கடலோரச் செங்குத்துப் பாறைகளில் பழைய வெள்ளீய, செம்புச் சுரங்கக் கட்டடங்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. 2006இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இனிமேல் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. போகிறவர்களுக்குச் சில யோசனைகள்.

வழுக்கும் செருப்பு உத்தமம். குடையும் எடுத்துக்கொள்ளுங்கள், அட்லாண்டிக் காற்றுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமல்லவா?

பொட்டலாக்கில், அலைக்குச் சற்று மேலே பாறையைப் பற்றிக்கொண்டு இரண்டு இயந்திரக் கூடங்கள் நிற்கும். அவற்றுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுங்கள். ‘போல்டார்க்’ தொடரில் வந்த இடம் என்று கூட வந்தவரிடம் சொல்லுங்கள். அங்கிருந்து சுரங்கம் கடலுக்கு அடியிலும் நீண்டது, புயல் நாளில் பாறாங்கற்கள் உருளும் சத்தம் உள்ளே வேலை செய்தவர்களின் தலைக்கு மேலே கேட்டது என்பதையெல்லாம் யோசித்தால் படத்தில் சிரிப்பு சரியாக வராது. 1863இல் அங்கே சாய்வான சுரங்கப் பாதையில் ஆட்களை ஏற்றிவந்த வண்டியின் சங்கிலி அறுந்தது. எட்டு ஆண்களும் ஒரு சிறுவனும் செத்தார்கள். இரண்டே வருடம் கழித்து வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் அதே பாதையில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சுற்றுலாவில் உங்களுக்கு நல்ல முன்னோடிகள்தான்.

மேட்டில் வளைந்து வளைந்து போகும் கல் அறைகள் கண்ணாமூச்சிக்குத் தோதானவை. வெள்ளீயத் தாதுவை வறுத்த புகையை இவற்றுக்குள் சுற்றவிட்டு, சுவரில் படிந்த ஆர்சனிக்கைச் சுரண்டினார்கள். சுரண்டியவர்களுக்குப் பாதுகாப்பு மூக்கில் பஞ்சு, தோலில் களிமண். நீங்கள் மறக்காமல் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளுங்கள்.

கேப் கார்ன்வால் முனையிலுள்ள 1864ஆம் ஆண்டுப் புகைபோக்கிக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த முனையை 1987இல் வாங்கி நாட்டுக்குக் கொடுத்தது ஹெய்ன்ஸ். ஆமாம், அந்தத் தக்காளி சாஸ் கம்பெனிதான்.

லெவன்ட் சுரங்கத்தில் 1840ஆம் ஆண்டின் நீராவி இயந்திரத்தைப் பழுதுபார்த்து ஓடவிட்டிருக்கிறார்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும். தொழிலாளர்கள் மேலே வந்த விதம் வேறு. மேலும் கீழும் அசையும் நீண்ட மரக்கம்பத்தில் சிறு படிகள் இருக்கும். கம்பம் உயரும்போது கூடவே உயர்ந்து, பக்கத்துத் தட்டில் இறங்கி நின்று, அடுத்த படிக்குக் காத்திருக்க வேண்டும். 1919 அக்டோபர் 20 அன்று, ஆட்கள் அதில் ஏறிவந்துகொண்டிருந்தபோது கம்பத்தைத் தாங்கிய இணைப்பு முறிந்தது. 31 பேர் இறந்தார்கள். வழிகாட்டி இந்த இடத்துக்கு வரும்போது கழிவறை எந்தப் பக்கம் என்று விசாரிக்கலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கோலார் தங்கவயல் குடும்பத்துக்காரர் யாரையும் கூட்டிப்போகாதீர்கள். கார்ன்வால் சுரங்கங்கள் நொடித்தபோது பிழைப்புத் தேடி உலகெங்கும் போனவர்களில் பலர், ஜான் டெய்லர் கம்பெனியின் கீழ் கோலாருக்கும் வந்தார்கள். அவர்களின் மேற்பார்வையில் குழிக்குள் இறங்கியவர்களில் வடஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். அந்தக் குடும்பத்துக்காரர் படம் எடுக்கமாட்டார். “எத்தனை அடி ஆழம்? தண்ணிய எப்படி இறைச்சாங்க? என்ன கூலி?” என்று வழிகாட்டியைப் பிடித்துக்கொள்வார். வழிகாட்டியும் ஆள் கிடைத்தார் என்று உட்கார்ந்துவிடுவார். மொத்தக் குழுவுக்கும் கடைசி பஸ் போய்விடும்.