கவசம் செய்தவரும் அணிந்தவரும்

நியூ ஜெர்ஸியில் என் அக்கா வீட்டுக் கொல்லைப்புறத்தில், தக்காளிப் பாத்திக்கும் வேலிக்கும் நடுவே, 7 அடிக்கு 7 அடியாக ஒரு பிவிசி குழாய்ச் சட்டம் எழும்பிய வைபவத்துக்கு, விருந்தாளியாகப் போயிருந்த நான் சாட்சியாக நேர்ந்ததைப் பூர்வஜன்ம பலன் என்றுதான் சொல்ல வேண்டும். லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பால் ஆடும் என் மருமகனுக்குப் பந்தெறிந்து பழக்குவது அத்தானின் சாயங்கால அனுஷ்டானம். 145 கிராம் கனமுள்ள அந்தப் பந்து, பையனின் மட்டையில் பட்டதும், போன வேகத்தைக் காட்டிலும் அதிக வேகத்தோடு எறிந்தவரையே தேடி வருகிறது என்பதை அவருடைய முழங்கால் ஒரு நாள் கண்டறிந்தது. அதன்மேல் அவர் ஒரு தடுப்புவலை செய்வதெனச் சங்கற்பம் செய்துகொண்டார். கடையில் இப்படிப்பட்ட வலைகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன என்று சொன்ன அக்காவை அவர் பார்த்த பார்வையில் அனுதாபம் மிகுந்திருந்தது.

இந்த வலைச்சட்டம் மேல்மூலை ஒன்று இல்லாமல், நம் ‘ட’கரத்தைப்போல் நிற்கும். பந்தெறியும் பிட்சர் அந்த வெட்டுவாய் வழியாகக் கையை வீசிப் பந்தை எறிந்துவிட்டு, உடனே உயரமான பக்கத்தின் பின்னே ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறதல்லவா? மான்கள் வராதிருக்கத் தோட்டத்தில் கட்டும் வலை இதற்குப் போதாது. முறுக்கிய நைலான் வலை வேண்டும். வலையை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பந்து துள்ளித் திரும்பும் என்பதால் தொய்வாக விட வேண்டும். தொய்வாக விட்டால் பந்து வலையோடு சேர்ந்தே உள்ளே பிதுங்கி வந்து மூக்கை விசாரிக்கும் என்பதால் பின்னே இருப்பவர் விலகி நிற்க வேண்டும். குழாயில் பட்ட பந்து எத்திசையிலும் தெறிக்குமாதலால், நீச்சல்குளத்தில் குழந்தைகள் கட்டிக்கொண்டு மிதக்கும் வண்ணவண்ண நுரைக்குழல்களைப் பிளந்து குழாய்களுக்குப் போர்த்தினார். காற்றில் சாயாதிருக்க மணல் மூட்டைகளும் வந்து சேர்ந்தன. பாதுகாப்புச் சாதனம் ஒன்றுக்கு இத்தனை பாதுகாப்பு தேவைப்படுவதைக் கண்டு நான் புன்னகை செய்தது அவருக்கு ரசிக்கவில்லை.

“சரித்திரம் தெரியாமல் சிரிக்காதே, தம்பி,” என்று தொடங்கினார். ஹார்வர்டு மாணவர் பிரெட் தேயர், வாட்போர் முகமூடி ஒன்றைத் திருத்தி, மட்டைக்குப் பின்னே பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு ஏற்ற கம்பிமூடியாக்கி, 1878-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதை அணிந்து ஆடியவர் ஜேம்ஸ் டிங். டெட்ராய்ட் கேட்சர் சார்லி பென்னட்டுக்கு அவருடைய மனைவி கனத்த துணிக்குள் தக்கைப் பட்டைகளை வைத்துத் தைத்து மார்க்கவசம் செய்து தந்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஆகவே கவசம் செய்பவர் வேறு, அதை அணிந்து சோதிப்பவர் வேறு என்பதே இந்த விளையாட்டின் சம்பிரதாயம் என்று முடித்துவிட்டு, அவர் என்னைப் பார்த்தார்.

1907-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் கேட்சர் ரோஜர் பிரெஸ்னஹன், கூட்டத்தாரின் பரிகாசத்துக்கு நடுவே, கணைக்கால் கவசத்தைத் தம் காலிலேயே கட்டிக்கொண்டாரே என்று ஆட்சேபித்தேன். அது கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் கால்கவசத்தைப் பார்த்துச் செய்தது, சொந்தக் கண்டுபிடிப்பின் கணக்கில் சேராது என்று அத்தான் தள்ளுபடி செய்துவிட்டார்.

வலைக்குப் பின்னே போய் நின்ற பிறகுதான், நான் இடக்கைக்காரன் என்ற உண்மை சபைக்கு வந்தது. சட்டத்தின் வெட்டுவாயோ வலக்கைக்காரருக்கானது. திருப்பி வைக்கலாமென்றால், பின்புறத் தாங்குகால்கள் பையனை நோக்கி நீளும். கழற்றி மாற்றலாமென்றால், மூட்டுகள் அனைத்தையும் பசையிட்டு ஒட்டியாகிவிட்டது. அத்தான் சிறிது நேரம் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“வலது கையாலேயே எறிந்து பார், தம்பி. எறியத்தானே வேண்டும்?”

எறிந்தேன். முதற்பந்து வெட்டுவாயைத் தவறவிட்டு வலையின் உட்புறத்திலேயே பட்டு, தொய்வின் மகிமையால் துள்ளாமல் என் காலடியில் விழுந்தது. அதற்கடுத்தவையும் அவ்விதமே. எதிரே மட்டையை ஓங்கியபடி நின்ற மருமகன், “மாமா, பந்து எப்போது வரும்?” என்று மரியாதையாகக் கேட்டான். வலை பிரமாதமாக வேலை செய்கிறது என்று அத்தான் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.