எட்டாவது துளை

"ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனிப் பாடத்திட்டம்" என்கிறார் எங்கள் தெருப் புல்லாங்குழல் வாத்தியார். பொய்யில்லை. பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரே ஒரு சினிமாப் பாட்டு போதும் என்கிற பையனுக்கு சரளி வரிசை தள்ளுபடி. ரீல்ஸ் போடத் துடிக்கும் தம்பிக்கு முப்பது விநாடிக்கு மேல் மூச்சு தேவையில்லை. ஓய்வுபெற்ற வங்கி மேலாளருக்கு கமகத்தைவிட நடுவில் வரும் காபி முக்கியம். எல்லோருக்கும் பொதுப் பாடம் ஒன்றுதான்: முதல் சில நாள் வெறுங்காற்று மட்டுமே வரும், அதற்கும் கட்டணம் உண்டு.

கர்நாடகக் குழலில் விரல் துளைகள் எட்டு. பெரும்பாலும் ஏழைத்தான் விரல்கள் மூடும். எட்டாவது சும்மா திறந்தே கிடக்கும். அது எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. மாதம் பிறந்தால் அப்பாக்களின் பணம் அந்த வழியாகத்தான் போகிறது.