பெரியப்பாவின் இத்தாலி

பெரியப்பாவின் வெஸ்பா இத்தாலியில் பிறந்தது என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. வந்தால் அன்றைக்குக் காப்பி கிடைக்காது. "பொண்டெடேரா சரக்குடா, லோக்கல் இல்ல" என்பார். முன்னால் சாய்வெழுத்தில் மின்னும் 'வெஸ்பா'வை மஞ்சள் துணியால் துடைப்பார்.

சனியன் பிடித்த வேளை, பழைய ஸ்கூட்டர்களைப் பற்றி நான் கொஞ்சம் படித்துவிட்டேன். 1960-களில் வெஸ்பாவைச் செய்த இத்தாலிய நிறுவனமான பியாஜியோவிடம் உரிமம் வாங்கி பஜாஜ் இங்கே செய்த வண்டிகளிலும் 'வெஸ்பா' என்றே எழுதியிருந்தது. 1971-ல் ஒப்பந்தம் முடிந்த பிறகுதான், 1972-ல், ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரில் சேத்தக் வந்தது. ஆக, பெயரைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது. இன்ஜின் வலப்பக்கம் தொங்குவதையும் அத்தாட்சியாகக் கொள்ள முடியாது, வரைபடம் ஒன்றுதானே!

புதுப்பேட்டைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். முதல் மெக்கானிக் விரலால் தகட்டைத் தட்டி, "இத்தாலின்னா கணீர்னு கேக்கும்" என்றார். 'பொத்' என்றது. அது தகட்டின் குரல் அல்ல, அடுக்கடுக்காய்ப் பூசிய பட்டியின் குரல். இரண்டாமவர் காந்தம் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. அதற்கும் பட்டிதான் காரணம். மூன்றாமவர்தான் மண்ணெண்ணெய்த் துணியால் சேஸிஸைத் தேய்த்து, டார்ச் அடித்து, "நம்பர் இருக்கு. ஆர்.சி. புக்கைப் பாத்தா தெரிஞ்சிரும், இதுக்கு ஏன் சார் தட்டிக்கிட்டிருக்கீங்க?" என்றார்.

எதிர்வீட்டுக்காரரின் விஜய் சூப்பர் இன்னும் சிக்கல். லாம்ப்ரெட்டா செய்துகொண்டிருந்த இன்னொசென்டியின் இயந்திரங்களையே வாங்கிவந்து லக்னோவில் செய்த வண்டி அது. தாய் இத்தாலி, பிரசவம் லக்னோ. "உங்களது வண்டிதான் இத்தாலி, எங்களது மிஷினே இத்தாலி" என்று அவர் சொன்ன நாளிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை குறைவு.

இரும்பு பீரோவின் அடித்தட்டில் ஆர்.சி. புக் கிடைத்தது. தயாரிப்பாளர்: பஜாஜ் ஆட்டோ. பெரியப்பா கண்ணாடியை மாட்டி, கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் படித்தார்.

"எழுதினவன் தப்பா எழுதிட்டான்."

அடுப்படியிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "எங்கப்பா வருஷக்கணக்கா புக் பண்ணிக் காத்திருந்து உங்களுக்கு வாங்கிக் குடுத்தாரே, இத்தாலியிலயா போய் க்யூல நின்னாரு?"

பெரியப்பா பதில் சொல்லவில்லை. மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அன்றைக்கு எனக்குக் காப்பி கிடைக்கவில்லை.