கும்பத்துக்குள்ள விண்டோஸ்

வா ராசா, வா. அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரு. கையில என்ன, சவர்க்காரக் கட்டியோ? ஓ, எஸ்எஸ்டியோ. திருகோணமலைக்குப் போய் வாங்கினியாக்கும். பெட்டியில 500 ஜிபி எண்டு கிடக்கு. உள்ள பூட்டிப் பார், 465 தான் காட்டும். அழாத, கடைக்காரர் ஏமாத்தேல்ல. செய்தவன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் 1024, 1024 ஆ எண்ணுது. நெல்லு விக்கிறவன்ர மரக்காலும் வாங்கிறவன்ர மரக்காலும் ஒத்து வந்ததை நான் இந்த வயசு மட்டும் காணேல்ல.

இனி என்ன செய்யப் போறாய்? பழைய டிஸ்க்கைத் திறந்து, சி எண்டு கிடக்கிறதை முழுக்க கொப்பி பண்ணிப் புதுசில போடப் போறியோ? பேஷ், அப்பிடியே செய். கோயில் சாமான் எல்லாத்தையும் வண்டில்ல ஏத்திக்கொண்டு போய் வெறும் வளவில குவிச்சுப்போட்டு, "சாமி, எழுந்தருளும்" எண்டு கூப்பிட்டா வருவார்தானே. வராட்டி என்னட்ட வா, கோப்பி குடிச்சுக்கொண்டு சேர்ந்து அழலாம்.

நான் படிக்காத மனிசன். ஆனா உன்ர மச்சான்ர கம்பியூட்டர் திருத்திற கடை வாசலில ஆறு வருசம் வெத்திலை போட்டவன். இருந்த இடத்தில காதில விழுந்ததைச் சொல்லுறன்.

கோயில் திருத்தேக்க ஐயர்மார் என்ன செய்யினம்? மூலஸ்தானத்தில கை வைக்க முதல், சாமியின்ர சக்தியைக் கும்பத்தில இறக்கி, பக்கத்தில சின்னக் கொட்டில் போட்டு அதில வைச்சுப் பூசை நடத்தினம். பாலஸ்தாபனம் எண்டு சொல்லுறது. வேலை முடிய, கும்பத்தில இருந்து திருப்பி ஏத்திறது கும்பாபிஷேகம். நீங்கள் இமேஜ், இமேஜ் எண்டு சொல்லுறது இந்தக் கும்பத்தைத்தான். புத்தகத்தில அதைப் படிமம் எண்டு எழுதியிருக்கினமாம். படிமம் எண்டா விக்கிரகம்தானே. பேர் வைச்சவன் ஆரோ கோயில் வீதியில பிறந்தவன் போல.

குளோன் எண்டது வேற. அது ஒரு மூலஸ்தானத்தில இருந்து மற்றதுக்கு நேராத் தூக்கி வைக்கிறது. ரெண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில மெஷினில மாட்டிக் கிடக்கவேணும். உன்ர லாப்டொப்பில டிஸ்க்குக்கு ஒரே ஒரு குழி. யூஎஸ்பிக் கூடு ஒண்டு வாங்கினா ஏலும், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா கும்பம் கையில இருந்தா இண்டைக்குப் பிழைச்சாலும் நாளைக்குத் திருப்பி இறக்கலாம். நேராத் தூக்கேக்க கை வழுக்கினா அவ்வளவுதான்.

எங்கட ஆக்கள் இதை 400 வருசத்துக்கு முதலே செய்து பாத்தவை. 1620களில போத்துக்கீசர் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடிச்சு, அந்தக் கல்லாலயே கோட்டை கட்டினாங்கள். சனம் விக்கிரகங்களில சிலதைக் காட்டுப் பக்கம் கொண்டோடி ஒளிச்சுது, சிலதை மண்ணுக்க புதைச்சுது. கொண்டோடினதுக்காகத்தான் இஞ்ச பக்கத்தில தம்பலகாமத்தில ஆதிகோணநாயகர் கோயில் எழும்பினது. புதைச்சது? 1950ல திருகோணமலையில கிணறு வெட்டேக்க மண்வெட்டியில தட்டுப்பட்டு வெளிய வந்தது. 300 வருசத்துக்கு மேல மண்ணுக்க கிடந்த பக்கப்! எங்க வைச்சம் எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்ல. நீயும் அந்த வம்சம்தான், "புது ஃபோல்டர் 7" எண்டு பேர் வைக்கிறனி. ஆனா அவையளுக்கு ஒரு புத்தி இருந்தது: எல்லாத்தையும் ஒரே குழிக்க போடேல்ல. நீ போன கிழமை பழைய டிஸ்க்கில எடுத்த இமேஜை அதே டிஸ்க்கின்ர டி-க்குள்ள வைச்சனியாம். கோட்டைக்குள்ளயே விக்கிரகத்தை ஒளிச்ச கெட்டிக்காரன் நீ ஒருத்தன்தான். வெளி டிரைவ் ஒண்டு கடன் வாங்கு. எடுத்த பிறகு இமேஜ் பழுதில்லாமக் கிடக்கோ எண்டு சோதிக்கச் சொல்லு. அந்தத் தெரிவு கனக்க மென்பொருளில கிடக்கு, ஒருத்தரும் அதில கை வைக்கிறேல்ல.

முந்தி கடைப் பெடியள் "கோஸ்ட் அடிக்கிறது" எண்டு சொல்லுவாங்கள். நான் முதல்ல பயந்துபோனன், பேய்க்கு ஆர் அடிக்கிறது எண்டு. பிறகுதான் தெரிஞ்சுது, அது நியூசிலாந்துக்காரர் எழுதின மென்பொருள், 1998ல சைமன்டெக் வாங்கி நோர்ட்டன் கோஸ்ட் எண்டு வித்தது. இப்ப அந்தப் பேயும் செத்துப்போச்சு. இப்ப பெடியள் பென் டிரைவில போடுறது குளோன்சில்லா, தாய்வான்காரர் செய்தது, காசு இல்லை. முகம் வெறும் எழுத்தா, ஈமச்சடங்கு அறிவித்தல் போலக் கிடக்கும். அழகு பாத்துக் கலியாணம் கட்டினவன் எல்லாம் எப்பிடி இருக்கிறான் எண்டு உனக்குத் தெரியும்தானே.

இனித்தான் விசயம். கந்தளாய்க் குளத்தை அக்கபோதி மன்னன் கட்டினானோ, குளக்கோட்டன் பூதங்களை வைச்சுக் கட்டினானோ, பெரிய ஆக்கள் சண்டை பிடிக்கட்டும். உனக்குத் தெரிய வேண்டியது துருசு. குளம் நிறையத் தண்ணி கிடக்கும். துருசு இல்லாட்டி வயலுக்கு ஒரு சொட்டும் வராது. உன்ர சி தண்ணி. அதுக்கு முன்னால 100 எம்பி அளவில ஈஎஃப்ஐ எண்டு ஒரு துண்டு, ட்ரைவ் எழுத்துக்கூட இல்லாமப் பதுங்கிக் கிடக்கும். அதுதான் துருசு. மெஷின் எழும்பேக்க முதல்ல தேடுறது அதை. சி-யை மட்டும் படிமம் எடுத்துப்போட்டு கறுப்புத் திரையைப் பாத்துக்கொண்டிருக்கிற பெடியளைக் கடையில நான் எண்ணி அலுத்துப்போனன். முழு டிஸ்க்கையும் எடு, ராசா. எடுத்தும் எழும்பாட்டி, விண்டோஸ் நிறுவிற பென் டிரைவால எழுப்பி, பிசிடிபூட் எண்ட கட்டளையைக் குடு. அது துருசைத் திருப்பிக் கட்டித் தரும்.

குளம் எண்ட உடன ஒண்டு. 1986 ஏப்ரல் 20, விடியப்புறம், இந்தக் கந்தளாய்க் கட்டு உடைஞ்சுது. நூற்றுக்கு மேல சனம். அதை வைச்சுப் பகிடி விட மாட்டன். ஆனா அண்டையில இருந்து, "இவ்வளவு காலம் ஒண்டும் நடக்கேல்லத்தானே" எண்ட கதையை ஆரும் சொன்னா எனக்குக் காது குத்தும். உன்ர பழைய டிஸ்க் ஒரு மாசமா டக் டக் எண்டு தட்டுது. படிமத்தை இண்டைக்கு எடு. எந்த எஸ்எஸ்டி கெதியானது எண்ட ஆராய்ச்சியைப் பிறகு வைச்சுக்கொள்.

பழசு 1 டிபி, புதுசு 500. அரை மூட்டைக்குள்ள ஒரு மூட்டை நெல்லு. உள்ள 180 ஜிபிதான் கிடக்கு, கொள்ளும் எண்டு நீ சொல்லுவாய். குளோன்சில்லா ஒத்துக்கொள்ளாது. விண்டோஸோட வாற பழைய படிமக் கருவியும் ஒத்துக்கொள்ளாது. அதுகள் நெல்லைப் பாக்கிறேல்ல, சாக்கைப் பாக்குதுகள். முதல்ல சி-யையும் டி-யையும் சுருக்கு. சுருக்கினா மட்டும் காணாது. காணியின்ர கடைசி மூலையில, 900க்கு அங்கால, ரிகவரி எண்டு ஒரு துண்டு வேலி போட்டுக் கிடக்கும். டி-யையும் அதையும் ஜிபார்ட்டட் போல ஒண்டால இழுத்துக் கிட்டக் கொண்டு வா. பிறகு படிமம் எடுத்து, இறக்கேக்க நிபுணர் பக்கத்துக்குப் போய், அளவு சோதிக்கிறதை விடச் சொல்லு.

படிமம் எடுக்க முதல் விண்டோஸை ஒழுங்கா நித்திரையாக்கு. அது ஷட்டவுன் எண்டு சொல்லிப்போட்டு அரைக்கண் மூடிக்கொண்டு படுக்கும், கெதியா எழும்பவாம். ஷிஃப்ட் கட்டையை அமத்திக்கொண்டு ஷட்டவுன் குடு, முழுசாப் படுக்கும். உறையாத தயிர்ச் சட்டியைத் தூக்கி அலையக் கூடாதெண்டு எருமைத் தயிர் விக்கிற ஊரில பிறந்த உனக்கு நான் சொல்லவேணுமோ. பிட்லொக்கர் பூட்டுக் கிடந்தா அதையும் திறந்துபோட்டுத் தொடங்கு. அதின்ர மீட்புத் திறப்பு 48 இலக்கம், அதைக் கடதாசியில எழுது. டிஸ்க்குக்குள்ள எழுதி வைக்காத, நீ செய்வாய்.

கரண்ட்? சார்ஜரைக் குத்து, பற்றரியும் நிறைஞ்சு கிடக்கட்டும். 2025 பெப்ரவரி 9, பாணந்துறையில ஒரு குரங்கு துணை மின்நிலையத்துக்குள்ள பாய்ஞ்சு முழு இலங்கையையும் இருட்டாக்கினதை மறந்திட்டியோ? அந்தக் குரங்குக்கு உன்ர படிமம் 94 வீதத்தில நிக்கிறது தெரியாது.

இறக்கேக்க குளோன்சில்லா "இந்த டிஸ்க்கில உள்ளதெல்லாம் அழியும்" எண்டு ரெண்டு தரம் கேக்கும். அந்த ரெண்டு தரமும் பேரையும் அளவையும் வாசி. ஒருத்தர், பேர் வேண்டாம், இஞ்சத்தைய ஆள்தான், திசை மாறிக் குடுத்து கலியாணப் படம் முழுக்க வெறும் டிஸ்க்காக்கினார். மனிசி இப்பவும் சமைச்சுப் போடுறா, கதைக்கிறா இல்லை.

புதுசை மாட்டி முதல் தரம் எழுப்பேக்க பழசு பக்கத்தில இருக்கக் கூடாது. ரெண்டுக்கும் ஒரே அடையாளம், குளோன் எண்டாலும் இமேஜ் எண்டாலும். விண்டோஸ் குழம்பி எதையாவது தள்ளி வைக்கும். பழசை இஞ்ச தா. அழிச்சுப் படம் வைக்கப் போறியோ? தா எண்டன். இந்தா, வெத்திலைப் பெட்டிக்குள்ள வைக்கிறன், பாக்குவெட்டிக்குக் கீழ. கும்பாபிஷேகம் முடிஞ்சு 48 நாள் மண்டலாபிஷேகம். அது முடிய, புதுசு ஒருநாளும் முழிக்காம நிக்கேல்ல எண்டா, வந்து கேள்.

வரேக்க வெறுங்கையோட வராத. தயிர் பெரிய சட்டி, சின்னச் சட்டி ரெண்டும் விக்கிறாங்கள். பெரிசு.