படித்த பக்தருக்கு ஒரு பாராட்டுரை

சாமியார்களைத் திட்டுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. போலீஸ் ஜீப்பில் ஏற்றும் படம் பேப்பரில் வந்ததும் ஆளாளுக்குக் கல்லெடுக்கிறோம். இது பெரிய அநியாயம். தனி ஆளாக ஒரு மனிதன் எவ்வளவுதான் அயோக்கியத்தனம் செய்துவிட முடியும்? நிலம் பார்த்துக் கொடுத்தவர், டிரஸ்ட் பத்திரம் எழுதியவர், மேடையேறி மாலை போட்ட அதிகாரி, “எங்க சுவாமி அப்படிப்பட்டவர் இல்ல சார்” என்று ஆபீஸ் கேன்டீனில் சத்தியம் செய்தவர், இவர்கள் உழைப்புக்கெல்லாம் மரியாதையே கிடையாதா? அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இது.

பிரேமானந்தாவை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் மாத்தளைக்காரர். 1983 கலவரத்துக்குப் பிறகு ஆதரவற்ற பிள்ளைகள் சிலரோடு தமிழ்நாட்டுக்கு வந்து, திருச்சிக்குத் தெற்கே பாத்திமா நகரில் ஆசிரமம் வைத்தார். சிவராத்திரிக்கு வாயிலிருந்து லிங்கம் எடுப்பார். கையை அசைத்தால் விபூதி கொட்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய இதே பெயரில் கோவை போத்தனூரில் இன்னொருவர் இருந்தார். பகுத்தறிவாளர் பசவ பிரேமானந்த். அவர் கையை அசைத்தாலும் விபூதி கொட்டும். சாம்பலைக் கஞ்சித் தண்ணீரில் குழைத்து, மாத்திரையாக உருட்டிக் காயவைத்து, கட்டை விரல் இடுக்கில் செருகிக்கொள்வார். நசுக்கினால் பொடி. “இவ்வளவுதான், நீங்களும் செய்யலாம்” என்று ஊர் ஊராகப் போய்க் காட்டினார். அவருக்குக் கைதட்டினார்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள். எப்படிச் செய்வது என்று சொல்லாதவருக்குத்தான் ஏக்கர் கணக்கில் நிலம் சேர்ந்தது.

படித்த பக்தரே, நீங்கள் அந்த விபூதிக்காகப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். மைத்துனர் கூப்பிட்டார், போனீர்கள். வாசலிலேயே நாலு பேர் பெயர் கேட்டு விசாரித்தார்கள். வீட்டில் கூட அப்படி யாரும் விசாரித்து வருஷமாகியிருக்கும். பஜனை, பந்தி, சூடான சாம்பார். அடுத்த வாரம் அடுப்படியில் காய் நறுக்கினீர்கள். பிறகு ஒரு செக். பிறகு இன்னும் இரண்டு குடும்பங்களை நீங்களே அழைத்து வந்தீர்கள். இதற்குள் ஒரு சாஸ்திரமும் மனப்பாடமாகிவிட்டது: நல்லது நடந்தால் சுவாமி அருள், கெட்டது நடந்தால் உன் கர்மா, கேள்வி வந்தால் உன் அகங்காரம். எந்தப் பக்கம் காசு சுண்டினாலும் சுவாமிக்குத்தான் வெற்றி. இதைக் கண்டுபிடிக்காமலா நீங்கள் எம்.எஸ்ஸி. பாஸ் செய்தீர்கள்? கண்டுபிடித்திருப்பீர்கள். ஆனால் வாய் திறந்தால் அந்த இரண்டு குடும்பங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். போட்ட பணம் போனால் போகட்டும், போட்ட சத்தியத்தை எப்படித் திருப்பி வாங்குவது?

1994-இல் ஆசிரமத்திலிருந்து தப்பி வந்த பெண்கள் நடந்ததைச் சொன்னார்கள். அந்த ஆண்டே கைது. 13 பெண்கள் மீது பாலியல் வன்கொடுமை. அவர்களில் சிறுமிகளும் உண்டு. ஆசிரமவாசி ஒருவரின் கொலை. கலைக்கப்பட்ட கருவுக்குத் தகப்பன் யார் என்பதை மரபணுச் சோதனை சொல்லிவிட்டது. 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை நீதிமன்றத்தில் நீதிபதி பானுமதி விதித்தது இரட்டை ஆயுள் தண்டனையும் 67 லட்சம் ரூபாய்க்கு மேல் அபராதமும். பிரபல வழக்கறிஞர் ராம் ஜெத்மலானியே வந்து வாதாடியும் பலிக்கவில்லை. 2005-இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தது.

சதி, என்றீர்கள் நீங்கள். சுவாமி நம்மைச் சோதிக்கிறார், என்றீர்கள்.

மூளைச்சலவை, மூளைச்சலவை என்கிறார்களே, அந்தச் சலவைக்கு உங்களை யாரும் கட்டி இழுத்துப் போகவில்லை. ஞாயிறு சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினீர்கள். அந்தப் பெண்களுக்குத் திரும்ப வீடு எங்கே இருந்தது? பின்னால் யுத்தம், முன்னால் சுவர். அவர்கள் ஓடி வந்தால் “இவ்வளவு பெரிய மனிதர்கள் கும்பிடுகிறார்களே, அவரைப் பற்றியா இப்படிப் பேசுகிறாய்?” என்றுதான் ஊர் கேட்கும். அந்தப் பெரிய மனிதர் நீங்கள்தான் ஐயா. சுவரில் நீங்களும் ஒரு செங்கல்.

மனம் தளர வேண்டாம், உங்களுக்குப் பெரிய துணை உண்டு. இலங்கை உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர் ஒருவர், வடக்கு மாகாண முதலமைச்சரான பிறகும், தாம் பிரேமானந்தாவின் பக்தர் என்பதை மறைக்கவில்லை. சாட்சி, ஆதாரம், தீர்ப்பு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடல் தாண்டியும் உங்களுக்கு உறவு இருக்கிறது. ஜப்பானில் சிவனையும் ஓங்காரத்தையும் கடன் வாங்கி ஷோகோ அசஹாரா நடத்திய ஓம் ஷின்ரிக்கியோ என்ற மத அமைப்பில் குரு குளித்த தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்தார்கள். 1995 மார்ச் 20-ஆம் தேதி டோக்கியோ சுரங்க ரயில்களில் சரின் விஷப் பைகளைக் குடை நுனியால் குத்திவிட்டு இறங்கியவர்களில் இயற்பியல் படித்தவர்கள் உண்டு, இதய அறுவை மருத்துவர் ஒருவரும் உண்டு. பாமரன் ஏமாறுகிறான் என்று இனி யாராவது சொன்னால் சிரித்துவிடுங்கள். பாமரன் ஏமாந்தால் உண்டியலில் பத்து ரூபாய் போகும். சரின் காய்ச்ச டிகிரி வேண்டும்.

பிரேமானந்தா 2011-இல் கைதியாகவே செத்தார். ஆசிரமம் இன்றும் நடக்கிறது, சமாதியில் பூசை நடக்கிறது, வெளிநாட்டு பக்தர்களும் வருகிறார்கள். அடுத்த முறை போகும்போது, படித்த பக்தரே, எனக்காக ஓர் உதவி செய்யுங்கள். 13 பேருக்கு அர்ச்சனை என்று சீட்டு எழுதிக் கொடுங்கள். நட்சத்திரம் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கோத்திரம் கேட்டாலும் தெரியாது என்று சொல்லுங்கள். யார் இவர்கள் என்று கேட்டால் மட்டும் சத்தமாக, வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, பதில் சொல்லுங்கள்.