செருப்பில்லாத கேப்டன்

உலகத்தின் முதல் பொய் லாக்புக் எங்கள் ஊரில் எழுதப்பட்டது. பைலட் பெயர் பிரம்மா. வண்டி, அன்னம். புறப்பட்ட இடம் திருவண்ணாமலை. போய்ச் சேர வேண்டிய இடம் சிவனுடைய முடி. அடியைத் தேடிப் பன்றியாய்ப் பூமியைக் குடைந்துகொண்டு போன விஷ்ணு, "நம்மால ஆகாது" என்று வந்து ஒப்புக்கொண்டார். பிரம்மா ஏறினார், ஏறினார், முடி தட்டுப்படவே இல்லை. மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவை வழிமறித்து, "நான் உச்சி வரைக்கும் வந்ததாக ஒரு வார்த்தை சொல்லிவிடு" என்று பேசி முடித்துக்கொண்டு இறங்கினார். விசாரணை அங்கேயே நடந்து, தீர்ப்பும் அங்கேயே வந்தது. பைலட்டுக்குப் பூமியில் கோயில் கிடையாது, பொய்ச்சாட்சிக்குப் பூஜையில் இடம் கிடையாது. கருவறையின் பின்சுவரில் லிங்கோத்பவர் மாடத்தைப் பாருங்கள்: மேலே அன்னம், கீழே பன்றி. விமான விசாரணை அறிக்கையைக் கல்லில் செதுக்கி ஊரறிய மாட்டிவைத்தவர்கள் நாம்தான்.

இதை நான் தொழில் அனுதாபத்தோடுதான் சொல்கிறேன். நானும் சின்ன விமானம் ஓட்டியவன். மாலத்தீவில், கடலில் இறங்கிக் கடலிலிருந்தே கிளம்பும் விமானம். கிளம்பிப் போய், மழையைக் கண்டு, போன காரியம் ஆகாமல் திரும்பிவந்த நாட்கள் எங்களுக்கும் உண்டு. பிரம்மாவுக்கு இருந்த வசதி எங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். எங்கள் சாட்சிகள் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு கேமராவில் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

வேலையை விட்டு ஊருக்கு வந்து கிரிவலம் போக ஆரம்பித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். பதினான்கு கிலோமீட்டர் பாதையில் இருக்கும் எட்டு லிங்கங்களில் வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. தண்ணீர், காற்று, துட்டு. கடல் விமானக் கம்பெனிக்கு வேண்டியது இந்த மூன்றும்தான், எது மக்கர் பண்ணினாலும் வண்டி ஓடாது. முதல் இரண்டு இடத்திலும் நிதானமாகக் கும்பிடலாம். குபேரரிடம் வரிசையில் நிற்க வேண்டும்.

நிற்பதில் நியாயமும் இருக்கிறது, இந்தத் தொழிலில் அவர்தான் மூத்த முதலாளி. புஷ்பக விமானம் அவருடைய சொத்து. தம்பி ராவணன் அடித்துப் பிடுங்கிக்கொண்டு போய்த் தீவில் ஏர்லைன்ஸ் ஆரம்பித்தான். தலைமையகம் இலங்கை, மொத்தம் ஒரே விமானம், அதற்கும் வாடகை பாக்கி. புஷ்பகத்தில் எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கும் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எடை பார்க்காமல் ஆள் ஏற்றிய கம்பெனி என்றுதான் எனக்கு அது காதில் விழும். யுத்தம் முடிந்து அயோத்தியில் இறங்கியதும் ராமர் வண்டியைக் குபேரருக்கே திருப்பி அனுப்பினார். குத்தகை விமானத்தைக் கேட்காமலே திருப்பிக் கொடுத்த கட்சிக்காரர் அவருக்குப் பிறகு அதிகம் பேர் இல்லை.

பிறகு இந்த மார்க்கத்தில் ரொம்ப நாள் சர்வீஸ் இல்லை. 1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோன் கம்பெனி ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்கு ஒரு டகோட்டாவை விட்டது. அந்த விமானத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? சீதா தேவி. முதல் தடவை இலங்கையை விட்டுக் கிளம்ப ஒரு பாலமும் ஒரு யுத்தமும் தேவைப்பட்ட அம்மாளுக்கு, இந்தத் தடவை டிக்கெட்டே போதுமானதாக இருந்தது.

நம் பக்கத்தில் இன்னும் முன்பே, 1932 அக்டோபரில், ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்தார். அகமதாபாத்தில் அவருக்குப் பெட்ரோல் மாட்டு வண்டியில் டின் டின்னாக வந்தது. பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக மதராசுக்கு மூட்டையைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். இரண்டு பேருமே தீரர்கள், சந்தேகமில்லை. ஆனால் தபால் மூட்டை வாந்தி எடுக்காது. "மாப்ளே, கொஞ்சம் தாழ்வாப் போங்க, ரூம் தெரியுதான்னு பாக்கணும்" என்று சொல்லாது. முக்கியமாக, தன் எடையைப் பற்றிப் பொய் சொல்லாது.

நான் வளர்ந்த காலத்தில் வாயுதூத் என்று ஒன்று இருந்தது. 1981 ஜனவரியில் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து வடகிழக்கு மாநிலங்களுக்காகத் தொடங்கியது. போகப் போக, யாராவது கொஞ்சம் தார் போட்டு வைத்திருந்த இடத்திலெல்லாம் இறங்க ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் நெய்வேலிக்கு வந்தது, தஞ்சாவூருக்கு வந்தது. பத்தொன்பது பேர் உட்காரும் டோர்னியர். சில நாள் காற்றும் தூதுமாகத்தான் வந்து போகும், ஆள் இருக்காது. எங்கள் ஊருக்கு வரவில்லை. 2,668 அடி மலையும் 217 அடி ராஜகோபுரமும் இருக்கிற ஊரில் தாழப் பறந்து பழக எந்தப் பைலட்டும் ஆசைப்பட்டிருக்க மாட்டார். 1993-இல் நஷ்டம் தாங்காமல் வாயுதூத்தை இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்த்தார்கள்.

அதற்குள் வாயுதூத் ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. 1988-இல் லட்சத்தீவின் அகத்தியில் டோர்னியரை இறக்கியது. தீவின் தெற்கு வாலில் ஏறக்குறைய நாலாயிரம் அடி ஓடுபாதை. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கடல், முடிகிற இடத்திலும் கடல். பிரேக் பிடிக்கவில்லை என்றால் அடுத்த நிறுத்தம் மீன்கள்தான். அந்த ஓடுபாதையின் படத்தை ஒரு வாரப் பத்திரிகையில் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. கடலே இல்லாத ஊர்க்காரன், கிணற்றில் நீச்சல் கற்றவன், எப்படியோ கடன் வாங்கி லைசென்ஸ் எடுத்து, மாலத்தீவில் போய் இறங்கினேன்.

அங்கே 1993-இல் டென்மார்க்காரர்கள் கடல் விமானத் தொழிலை ஆரம்பித்திருந்தார்கள். கிட்டத்தட்ட 1,200 தீவுகள். ஒவ்வொன்றிலும் ஓடுபாதை போட்டால் குடியிருக்க மணல் மிஞ்சாது. அதனால் கடலையே ஓடுபாதை ஆக்கிவிட்டார்கள். வண்டி ட்வின் ஆட்டர். கனடாவில் செய்தது, 1965-இல் முதலில் பறந்தது. சக்கரம் மாட்டினால் மண்ணில் இறங்கும், சறுக்குக்கட்டை மாட்டினால் பனியில் இறங்கும், மிதவை மாட்டினால் தண்ணீரில் இறங்கும். ஏசி மட்டும் எதை மாட்டினாலும் வராது. என்னோடு வேலை பார்த்த கனடாக்காரர்கள் உறைந்த ஏரிகளில் இறங்கிப் பழகியவர்கள். என்ஜினைச் சூடாக்கிக் கிளப்பப் பாடுபட்டவர்கள், இங்கே தாங்கள் சூடாகிக் கிளம்பினார்கள்.

சீருடை என்றால் தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டை, அரை டிராயர். காலில் ஒன்றும் கிடையாது. ஈர மிதவையில் ஷூ வழுக்கும் என்பதால் அந்த ஏற்பாடு. கேப்டனும் வெறுங்கால், துணை விமானியும் வெறுங்கால். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதவையில் நிற்கும் பையனும் வெறுங்கால். உண்மையில் அந்த வண்டியை ஓட்டுவதே அவன்தான். நாங்கள் இறக்குவோம், அவன் குதித்துக் கட்டினால்தான் அது நிற்கும். இந்தக் கோலத்தில் ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அம்மா அதை யாருக்கும் காட்டவில்லை. போனில் மெதுவாகக் கேட்டார்: "ஏண்டா, காலுக்கு ஒரு செருப்புகூட வாங்கித் தர மாட்டாங்களாடா?"

பெரியப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். லீவில் வந்தபோது திண்ணையில் உட்காரவைத்து நேர்காணல் நடத்தினார்.

"எத்தினி சீட்டுடா?"

"பதினஞ்சு, பெரியப்பா."

"வேனு. கியரு எங்க கீது?"

"கியர் இல்ல. ஒரு லிவர் இருக்கு, கூரையிலேர்ந்து தொங்கும்."

"கையத் தூக்கினே ஓட்டணுமா?"

"ஆமா."

"பிரேக்கு?"

"தண்ணில பிரேக் கிடையாது."

"ஆரனாவது உண்டா?"

"இல்ல."

"குறுக்க படகு வந்தா?"

"சுத்திட்டு வந்து மறுபடி இறங்கணும்."

வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இதுக்காடா அத்தினி லட்சம் கட்டி இங்கிலீசுல பரிச்ச எழுதன?" என்றார்.

அவர் கேட்காத விஷயங்கள்தான் வேலையில் முக்கால்வாசி. மிதவை ஒழுகும். ஒழுகாத மிதவை கிடையாது. காலையில் முதல் வேலை கைப்பம்பு வைத்து உள்ளே இறங்கிய தண்ணீரை இறைப்பது. சாயங்காலம் கடைசி வேலை, விமானத்தை நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுவது. விட்டால் உப்பு தின்றுவிடும். நடுவில் பறப்பது.

அந்தப் பறப்பும் ஷேர் ஆட்டோ கணக்குத்தான். எந்தத் தீவுக்கு எத்தனை பேர் என்று முந்தின நாள் சாயங்காலம் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் ரூட்டே போடுவார்கள். ஒரு ஜோடியை இங்கே இறக்கி, நாலு பேரை அங்கே ஏற்றி, மூன்றாவது தீவைத் தொட்டுவிட்டுத்தான் நாலாவது. தேனிலவுக்கு வந்தவர்களுக்கு இது புரியாது. தங்களுக்காகவே விமானம் வருகிறது என்று நினைத்து ஏறுவார்கள். இரண்டாவது நிறுத்தத்தில் ஈர அரை டிராயரோடு நாலு ஜெர்மன்காரர்கள் ஏறி மடியை ஒட்டி உட்கார்ந்ததும் முகம் மாறும்.

எதில் இறங்குவது கஷ்டம் என்று எல்லோரும் கேட்பார்கள். அலையில் என்று சொன்னால் நம்புவார்கள். நிஜத்தில் பயப்பட வேண்டியது அலையே இல்லாத கடலுக்கு. காற்று செத்து, தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும் காலை நேரத்தில், அது நூறு அடி கீழே இருக்கிறதா பத்து அடி கீழேயா என்று கண்ணுக்குத் தெரியாது. வானமும் கீழே, மேகமும் கீழே. கண்ணை நம்பினவன் கெட்டான். கரையோரத் தென்னையைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு, மூக்கைச் சற்றே தூக்கி, நிமிடத்துக்கு 150 அடி மாதிரி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீர் தானாக வந்து தொடுகிற வரை. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒருவர், "ஆஹா, எவ்ளோ அமைதியா இருக்கு பாரு" என்பார். காக்பிட்டுக்கும் பயணிகளுக்கும் நடுவே கதவு திறந்தே கிடப்பதால், நாம் பல்லைக் கடிப்பது அவருக்குக் கேட்கக்கூடாது.

பொய் என்று பார்த்தால், இந்தத் தொழிலில் பொய் சொல்லாத ஒரே ஆள் எடை மெஷின். பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ. பெட்டியில் இருப்பதையெல்லாம் உடம்புக்கு மாற்றிக்கொள்ளும் வித்தையில் எல்லா நாட்டவரும் ஒன்றுதான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து வெயிலில் மூன்று சட்டையும் அதன்மேல் கோட்டும் போட்டு ஏறிய ஒரு மனிதர், பாக்கெட்டுக்குள் ஷூவை வைத்திருந்தார். நம்மவர்களிடம் துணி அதிகம் இருக்காது. முறுக்கு டின்னும் ஊறுகாய் பாட்டிலும் இருக்கும், அதை ஒருவரும் விட்டுத்தர மாட்டார்கள். ஏறி உட்கார்ந்ததும் நம்மிடமே நீட்டி, "கேப்டன், ஒண்ணு எடுத்துக்குங்க" என்பார்கள். எடுத்துக்கொள்வேன். எடை குறையுமே.

கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணின் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கடல்ல இறங்குவாருன்னு சொல்றீங்களே, இறங்குவாரா விழுவாரா?" தரகர் என்னைப் பார்த்தார். "ரெண்டுக்கும் வித்தியாசம், மறுபடி கிளம்புறது" என்றேன். சம்பந்தம் அங்கே முடியவில்லை, வேறு இடத்தில் முடிந்தது.

எங்களைவிடப் பைத்தியக்கார சர்வீஸ்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் பாரா என்ற தீவில் கடற்கரை மணல்தான் விமான நிலையம். இதே ட்வின் ஆட்டர், சக்கரத்தோடு, அலை உள்வாங்கின நேரத்தில் வந்து இறங்கும். கால அட்டவணையைச் சந்திரன் எழுதிக் கொடுக்கிறார். அதே நாட்டின் ஆர்க்னியில் வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்குப் போகும் விமானப் பயணம்தான் உலகத்திலேயே குட்டை, 2.7 கிலோமீட்டர், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எங்கள் கிரிவலப் பாதையின் நீளத்துக்குள் ஐந்து தடவை போகலாம். நடந்தே சுற்றுகிற ஊரில் இதைச் சொன்னால் சோம்பேறிகள் என்பார்கள்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 2010 கடைசியில் அந்தமானில் ஜல் ஹன்ஸ் என்று கடல் விமானம் விட்டார்கள். ஹன்ஸ் என்றால் எங்கள் ஊர்ப் பைலட் ஏறிப்போன அதே வண்டி, எனக்கு அப்போதே சந்தேகம். நிலைக்கவில்லை. 2020 அக்டோபர் 31-ஆம் தேதி குஜராத்தில் பிரதமரை ஏற்றிக்கொண்டு படேல் சிலைப் பக்கத்திலிருந்து சபர்மதிக்கு ஒரு ட்வின் ஆட்டர் பறந்தது. டிவியில் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன். மாலத்தீவிலிருந்து வரவழைத்த வண்டி! ரிப்பேருக்கு என்று அவ்வப்போது தாய்வீடு போய் வந்துகொண்டிருந்தது, 2021-இல் சர்வீஸே நின்றது. நதியும் ஏரியும் இருந்தால் போதாது. தினமும் இறைக்க, கழுவ, கட்ட ஆள் வேண்டும், ஏற ஜனம் வேண்டும். ரிப்பன் வெட்டினவர்கள் யாரும் கைப்பம்பைத் தொட்டதாகத் தெரியவில்லை.

மாலத்தீவு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் விமானம் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். தண்ணீருக்கு விளக்குப் போட முடியாது. அதனால் மாலேயில் மதியம் மூன்று மணிக்குள் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். பொழுது சாய்ந்து வந்தால் எத்தனை நட்சத்திர ஹோட்டலில் பதிவு செய்திருந்தாலும் அன்றைக்கு ராத்திரி மாலேயில்தான் படுக்கை. கைப்பையை மெஷினில் வைக்கும்போது அடியில் முட்டியைக் கொடுத்துத் தூக்காதீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.